கரையில் நிற்கும் படகுகளும் வானில் நிற்கும் சிலுவையும்

ஆண்டுதோறும் மே மாதம் பிறந்ததும் தமிழகத்தில் எல்லோரும் ஒரு நட்சத்திரத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். அக்னி நட்சத்திரம் என்று தொடங்குகிறது, என்று முடிகிறது என்பது நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும் செய்தி. ஆனால், அந்த நட்சத்திரம் எது, வானில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோரிடம் விடை இருப்பதில்லை. அது நாம் நன்கறிந்த கார்த்திகைதான். பரணியின் பிற்பகுதியில் தொடங்கி, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் தொடக்கம் வரை சூரியன் செல்லும் நாள்களையே அக்னி நட்சத்திரக் காலம் என்கிறது பஞ்சாங்கம். கார்த்திகைக்கு உரிய தெய்வம் அக்னி என்பதால் இப்பெயர். சூரியன் அந்த விண்மீன் கூட்டத்தின் திசையிலேயே நிற்பதால், கார்த்திகை இந்நாள்களில் அதனோடு உதித்து, அதனோடு மறைகிறது. ஆக, கோடையில் நாம் அதிகம் பேசும் நட்சத்திரம், கோடையில் கண்ணுக்கே தெரியாத நட்சத்திரம்.

பகல் வெயிலைக் குறித்து இவ்வளவு பேசும் நாம், அதே நாள்களின் இரவு வானத்தைக் குறித்துப் பேசுவதே இல்லை. உண்மையில், தென் தமிழகத்தின் கடற்கரையில் வாழ்பவர்களுக்கு ஆண்டின் மிகச் சிறந்த இரவு வானம் வாய்ப்பது மே மாதத்தின் இந்த நடுப்பகுதியில்தான். வரும் சனிக்கிழமை (மே 16) அமாவாசை. அதை ஒட்டிய ஒரு வாரம், அதாவது மே 14 முதல் 20 வரை, நிலவொளி இல்லாத அல்லது மிகக் குறைந்த இரவுகள். இந்த வாரத்தில் எதைக் காணலாம், அதைக் காண்பதால் என்ன பயன் என்பதைத் தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள தருவைகுளம் என்ற மீனவ ஊரின் கரையில் நின்று பார்ப்போம்.

தருவைகுளம், ஆழ்கடலில் பல நாள்கள் தங்கி வலை வீசும் படகுகளுக்குப் பேர்பெற்ற ஊர். ஆண்டின் பெரும்பகுதியில் அவ்வூரின் ஆடவர் பலர் கரையில் இருப்பதில்லை. ஆனால், மீன்களின் இனப்பெருக்கக் காலத்தை முன்னிட்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. அந்நாள்களில் படகுகள் கரையோரம் வரிசையாக நிற்கும். வலை பின்னுவதும் படகுக்குச் சாயம் பூசுவதுமாகத் தந்தையர் வீட்டோடு இருப்பார்கள். பள்ளிகளுக்கும் அப்போது கோடை விடுமுறை. கடலையும் வானத்தையும் அறிந்த ஒரு தலைமுறையும், அதை இன்னும் அறியாத ஒரு தலைமுறையும் ஒரே கரையில், ஒரே இரவில், வேலையின்றி அமர்ந்திருக்கும் காலம் ஆண்டில் இது ஒன்றே. வானமும் தன் முழுச் செல்வத்தை அப்போதுதான் விரித்துக் காட்டுகிறது.

முதலில், இந்தக் கடற்கரையின் இருப்பிடம் நமக்குத் தரும் ஒரு பேற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தருவைகுளம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகையில் உள்ளது. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்தில்தான் அங்கே துருவ விண்மீன் தெரியும். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால், அந்த முஷ்டியின் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். எனவே, தருவைகுளத்தில் வடக்கு நோக்கி நின்று, அடிவானத்தின் மேல் முஷ்டியை வைத்தால், அதன் மேல்விளிம்பை ஒட்டித் துருவ விண்மீன் இருக்கும். சென்னையில் அது 13 பாகை உயரத்தில் நிற்கும். வடக்கு நோக்கி ஏறத்தாழ 111 கிலோமீட்டர் சென்றால் அது ஒரு பாகை மேலேறும். தெற்கு நோக்கிச் சென்றால் ஒரு பாகை கீழிறங்கும்.

நம் முன்னோரின் கடற்பயணக் கணக்கு இந்த எளிய உண்மையின் மேல் நின்றது. சோழமண்டலக் கரையின் மாலுமிகள் முடிச்சுகள் இட்ட கயிறு கோத்த சிறு பலகை ஒன்றை வைத்திருந்தார்கள். கயிற்றின் முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பலகையை முன்னே நீட்டி, அதன் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ விண்மீனிலும் பொருத்துவார்கள். எந்த முடிச்சில் அது பொருந்துகிறதோ, அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேரில் கப்பல் நிற்கிறது என்று பொருள். இராப்பலகை என்று வழங்கிய இக்கருவியைப் போன்றவற்றைக் குறித்துக் காங்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1850-ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார். அரபு மாலுமிகளிடமும் இதே வகைக் கருவி இருந்தது; அவர்கள் விண்மீனின் உயரத்தை விரற்கடையால் அளந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற பாய்மரத் தோணிகளைச் சென்ற நூற்றாண்டிலும் செலுத்தியவர்கள், இப்படி வானத்தை அளந்தவர்களின் வழியில் வந்தவர்களே.

இனி, இந்த வாரத்தின் வானத்துக்கு வருவோம். மாலை 6.30 மணியளவில் சூரியன் மறைகிறது. 7 மணிக்கு மேற்கு வானில் முதலில் கண்ணைப் பறிப்பது வெள்ளிக் கோள். 8.30 மணி வரை அதைக் காணலாம். அதற்கு மேலே சற்று மங்கலாக, ஆனால் எந்த விண்மீனையும்விட ஒளியுடன் இருப்பது வியாழன். அது 10 மணி வரை நிற்கும். வியாழனை அடுத்து இணையாகத் தெரியும் இரு விண்மீன்களே புனர்பூசம். அமாவாசை கழிந்த பின், 18-ஆம் தேதி மாலையில் மெல்லிய பிறை வெள்ளிக்குக் கீழேயும், 19-இல் அதற்கு மேலேயும், 20-இல் வியாழனுக்கு அருகிலும் இருக்கும். நிலா ஒரு நாளில் எவ்வளவு தொலைவு நகர்கிறது என்பதைக் குழந்தைக்குக் காட்ட இந்த மூன்று மாலைகள் போதும். வெள்ளியும் நாளுக்கு நாள் வியாழனை நெருங்கிச் சென்று, ஜூன் 9-ஐ ஒட்டி இரண்டும் அருகருகே நிற்கும். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குத் திரும்பும் நாளுக்குச் சில நாள்கள் முன்னதாக அந்தக் காட்சி அமைவது நல்ல பொருத்தம்.

அதே மாலை 7.15 மணிக்குத் தெற்கிலிருந்து சற்று மேற்கே, அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டிக்கும் குறைவான உயரத்தில் ஓர் ஒளிமிக்க விண்மீன் தனித்து நிற்கும். அதுவே அகத்தியர் விண்மீன். இரவு வானின் ஒளிமிக்க விண்மீன்களில் சிரியஸுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 8 மணியளவில் அது மறைந்துவிடும். அடுத்த சில வாரங்களில் மாலை வானிலிருந்தே விடைபெற்றுவிடும். தமிழுக்கு இலக்கணம் தந்ததாகப் போற்றப்படும் முனிவரின் பெயரைத் தாங்கிய இந்த விண்மீனைக் காண விரும்புவோர் காலம் தாழ்த்தக் கூடாது.

இந்த வாரத்தின் தலையான நேரம் இரவு 9 மணி. அப்போது வடக்கு நோக்கி நின்றால், நான்கு முஷ்டி உயரத்தில் ஏழு விண்மீன்கள் கவிழ்ந்த அகப்பைபோல் தெரியும். அவையே எழுமீன் எனப்படும் சப்தரிஷி மண்டலம். அகப்பையின் விளிம்பில் உள்ள இரு விண்மீன்களை இணைக்கும் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால், அடிவானத்துக்கு அருகே மங்கலாக உள்ள துருவ விண்மீனைத் தொடும். அகப்பையின் காம்பில் நடுவே இருப்பது வசிட்டர். அதை ஒட்டி மிக மெல்லியதாய்த் தெரிவது அருந்ததி. வைகாசி முகூர்த்த மாதம். மணமக்களுக்குப் பட்டப்பகலில் வானத்தைக் காட்டி, ‘அருந்ததி தெரிகிறதா’ என்று கேட்பதும், அவர்கள் தெரிகிறது என்று தலையசைப்பதும் நம் திருமணங்களில் வழக்கம். இந்த வாரம் மணம் முடிப்பவர்கள் அன்றிரவு 9 மணிக்கு மாடிக்குச் சென்றால், உண்மையான அருந்ததியையே பார்க்கலாம்.

இப்போது அப்படியே திரும்பித் தெற்கு நோக்கி நிற்போம். தலைக்கு மேலிருந்து தெற்கே சற்று இறங்கினால், நான்கு விண்மீன்கள் சாய்ந்த சதுரம்போல் தெரியும், அது அஸ்தம். அங்கிருந்து நேர்கீழே நான்கு முஷ்டி இறங்கினால், கடலோர அடிவானத்துக்கு மேல் இரண்டு முஷ்டி உயரத்தில் நான்கு ஒளிமிக்க விண்மீன்கள் நேராக நிறுத்திய சிலுவைபோல் நிற்கும். இதுவே தென்சிலுவை. பழைய மரபில் இதற்குத் திரிசங்கு என்று பெயர். விசுவாமித்திரரால் விண்ணுக்கு அனுப்பப்பட்டு, இந்திரனால் தள்ளப்பட்டு, நடுவானில் நின்றுவிட்ட அரசன் அவன். மண்ணைத் தொடாமலும் விண்ணில் ஏறாமலும் தெற்கே தாழ்ந்து தெரிந்து மறையும் இந்த விண்மீன்களுக்கு அக்கதை பொருந்தவே செய்கிறது.

சிலுவை நேராக நிற்கும் இந்த நேரம் முக்கியமானது. அதன் நெடுங்கோட்டைக் கீழ்நோக்கி நான்கரை மடங்கு நீட்டினால் வானத்தின் தென்துருவம் வரும். நமக்கு அது அடிவானத்துக்குக் கீழே உள்ளது. ஆனால், சிலுவை நிமிர்ந்து நிற்கும்போது அதன் அடிப்பக்கம் துல்லியமாகத் தென்திசையைக் காட்டும். வடக்கே துருவ விண்மீன் மேகத்திலோ புழுதியிலோ மறைந்தாலும், தெற்கே இந்தச் சிலுவை திசை சொல்லும். இரவு 9 மணிக்கு எழுமீனும் சிலுவையும் வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிரே நிற்கும் இந்தக் காட்சி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. லண்டனிலோ டொராண்டோவிலோ வாழும் தமிழர் தென்சிலுவையைக் காண முடியாது. தில்லியில் அதன் அடி விண்மீன் அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. சிட்னியில் வாழும் தமிழருக்குத் துருவ விண்மீன் இல்லை. சிங்கப்பூரில் அது அடிவானத்தின் மூட்டத்தில் மறைந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே இரவில் கண்ணாரக் காணக்கூடிய குறுகிய நிலப்பட்டையில் நாம் பிறந்திருக்கிறோம். ஜவ்வாது மலையில் காவலூரை வானாய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கும் தென்வானத்தையும் அங்கிருந்து பார்க்கலாம் என்பது ஒரு காரணம்.

கிழக்கே கடலுக்கு மேல் இரண்டு விண்மீன்களை அடையாளம் காண்பது எளிது. அகப்பைக் காம்பின் வளைவைத் தொடர்ந்து சென்றால் முதலில் வருவது பொன்னிறமான சுவாதி. அதே வளைவில் மேலும் சென்றால் வெண்ணிறமான சித்திரை. சுவாதியின் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 37 ஆண்டுகள் ஆகின்றன. இன்று நாம் காண்பது 1989-ஆம் ஆண்டு வாக்கில் புறப்பட்ட ஒளி.

முத்துக் கரையில் நின்று சுவாதியைப் பார்ப்பவருக்கு ஒரு பழைய நம்பிக்கை நினைவுக்கு வரும். சுவாதி நாளில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்தால் முத்தாகும் என்பது அது. சூரியன் சுவாதியில் செல்வது ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை இக்கரைக்கு வரும் நாள்களில். மழையையும் முத்தையும் விண்மீனையும் ஒரு நூலில் கோத்த கற்பனை அழகானதுதான். ஆனால், சிப்பியின் உடலுக்குள் புகும் ஒட்டுண்ணி போன்ற அயற்பொருளைச் சுற்றி அது படலம் படலமாகச் சுரப்பதே முத்து என்பது அறிவியல். அந்த அறிவைக் கொண்டு, தருவைகுளத்துக்கு வடக்கே உள்ள வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1973-இல் கடற்சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டினார்கள். இந்தியாவில் அது ஒரு முன்னோடிச் சாதனை. விண்மீனைப் பற்றிய கதையை ரசிப்பதற்கும், அதன் உண்மையை அறிவதற்கும் இடையே பகை ஏதும் இல்லை என்பதற்கு இக்கரையே சான்று.

இரவு 10 மணிக்குத் தெற்கே மூன்று முஷ்டிக்குச் சற்று மேலே உற்றுப் பாருங்கள். விண்மீன்போலவும் இல்லாமல், மேகம்போலவும் இல்லாமல் ஒரு மங்கலான புள்ளி தெரியும். ஒமேகா சென்டாரி எனப்படும் அது ஒரு கோடி அளவிலான விண்மீன்களின் திரள். அதன் தொலைவு ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுகள். இருநோக்கி இருந்தால் பஞ்சுருண்டைபோல் தெரியும். 11 மணிக்குச் சிலுவைக்குக் கிழக்கே இரு விண்மீன்கள் ஒளிரும். அவற்றில் கிழக்கே இருப்பது ஆல்ஃபா சென்டாரி. சூரியனை விட்டால், வெறுங்கண்ணால் காணக்கூடிய விண்மீன்களில் நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான். 4.4 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அதிலிருந்து இன்று நாம் காணும் ஒளி, 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புறப்பட்டது.

தென்கிழக்கில் கடலுக்கு மேல் எழுந்து நிற்பது விருச்சிகம். தேள் என்று பெயரிட்டவர்கள் பொருத்தமாகவே இட்டிருக்கிறார்கள். அனுஷம் தலையாகவும், சிவந்த கேட்டை இதயமாகவும், மூலம் வளைந்த கொடுக்காகவும் அமைந்த உருவம் அது. நள்ளிரவுக்குப் பின் அந்தக் கொடுக்கை ஒட்டி வானத்தில் ஒரு வெண்புகை படர்ந்திருப்பதைக் காணலாம். அது மேகம் அன்று. பால்வீதியின் மையப் பகுதி. நாம் வாழும் விண்மீன் மண்டலத்தின் நடுவை நோக்கித்தான் அப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

விடியலுக்கு முந்தைய நேரமும் இக்கரைக்குப் புதியதன்று. முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் படகுகள் நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் பாய் விரித்துப் புறப்பட்டு, விடியும்போது முத்துப் பார்களை அடையும். குளித்து முடித்துப் பிற்பகலில் கடற்காற்றோடு திரும்பும். 1961-இல் தூத்துக்குடியில் நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு. உப்பளத் தொழிலாளர்கள் வெயிலுக்கு அஞ்சி இன்றும் இருள் பிரியுமுன்பே பாத்திக்குப் புறப்படுகிறார்கள். இந்த வாரம் அவர்கள் கிழக்கே பார்த்தால் சனிக் கோளும், அதற்குக் கீழே சிவந்த செவ்வாயும் தெரியும். உறங்காமல் உழைப்பவர்களுக்கு வானம் எப்போதும் பழக்கமானதாகவே இருந்துள்ளது.

நம்மில் தம் பிறந்த நட்சத்திரத்தை அறியாதவர் குறைவு. கோயிலில் அர்ச்சனைச் சீட்டிலிருந்து திருமண அழைப்பு வரை அதைச் சொல்லாமல் காரியம் நடப்பதில்லை. ஆனால், அதை வானில் பார்த்தவர் எத்தனை பேர்? இந்த வாரம் இரவு 9.30 மணிக்கு மேற்கிலிருந்து கிழக்காகப் புனர்பூசம், பூசம், ஆயில்யம், மகம், பூரம், உத்திரம், அஸ்தம், சித்திரை, சுவாதி, விசாகம், அனுஷம், கேட்டை எனப் பன்னிரண்டு நட்சத்திரங்கள் ஒரே வானில் நிற்கின்றன. இவற்றில் பூசம்போல் மங்கலானவையும் உண்டு. ஆயினும் இருண்ட கரையில் எல்லாமே தெரியும். சித்திரை மாதத்து முழுநிலா சித்திரையின் அருகிலும், வைகாசி முழுநிலா விசாகத்தின் அருகிலும் நிற்பதால்தான் மாதங்களுக்கு அப்பெயர்கள் வந்தன. இம்மாத இறுதியில் முழுநிலா வரும்போது, அதை நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். நாள்காட்டியைச் சுவரில் தொங்கவிடுவதற்கு முன், நம் முன்னோர் வானத்தில்தான் அதைப் படித்தார்கள்.

இவ்வளவையும் காண்பதற்குத் தொலைநோக்கி வேண்டியதில்லை, இருள் போதும். ஆனால், அந்த இருள்தான் இப்போது அரிதாகி வருகிறது. தருவைகுளத்தின் கரையில் நின்றால் கிழக்கே கடல். வடக்கே வேப்பலோடை, வைப்பாறு, வேம்பார் எனச் சிற்றூர்களும் உப்பளங்களும். தெற்கே, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் தூத்துக்குடி மாநகரும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் உள்ளன. தென்சிலுவை நிற்பதும் அதே தெற்கில், அடிவானத்துக்கு மேல் இரண்டு முஷ்டி உயரத்தில்தான். வடவானம் மங்கினால் எழுமீன் உயரத்தில் இருப்பதால் தப்பிவிடும். தென்வானம் மங்கினால் நமக்கே உரிய அந்தச் செல்வம்தான் முதலில் போகும். சிலுவையின் நான்கு விண்மீன்களும் ஒளிமிக்கவை, அவை எஞ்சலாம். ஒமேகா சென்டாரியும் பால்வீதியும் எஞ்சா.

இது தூத்துக்குடிக்கு மட்டும் நேர்வதன்று. உலக மக்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானோர் செயற்கை ஒளியால் மங்கிய வானத்தின் கீழ் வாழ்கிறார்கள் என்றும், மூன்றில் ஒரு பங்கினர் தாம் வாழும் இடத்தில் பால்வீதியையே காண முடியாது என்றும் 2016-இல் வெளியான உலக வரைபடம் காட்டியது. 2011 முதல் 2022 வரை பல்லாயிரக்கணக்கான பொதுமக்கள் தம் கண்ணால் கண்டு பதிவுசெய்ததை ஆராய்ந்த விஞ்ஞானிகள், வானத்தின் பின்னணி ஒளி ஆண்டுக்கு ஏறத்தாழ 9.6 விழுக்காடு கூடிவருகிறது என்று 2023-இல் அறிவித்தார்கள். ஒரு குழந்தை பிறக்கும்போது 250 விண்மீன்கள் தெரிந்த இடத்தில், அக்குழந்தைக்கு 18 வயதாகும்போது 100 மட்டுமே தெரியும் என்பது இதன் பொருள். விண்மீன்கள் அணைந்துவிடவில்லை, நாம்தாம் அவற்றுக்குத் திரையிடுகிறோம்.

இதைச் சொல்லும்போது, கடலோர ஊருக்கு வெளிச்சமே வேண்டாம் என்று சொல்வதாகக் கொள்ளக் கூடாது. இரவில் மீன் இறக்கும் பெண்களுக்கும், படகேறும் தொழிலாளருக்கும், நடந்து செல்லும் முதியவருக்கும் விளக்கு தேவை. கேள்வி விளக்கின் எண்ணிக்கையைப் பற்றியது அன்று. அதன் திசையைப் பற்றியது. ஊர்தோறும் நிறுவப்படும் உயர்கோபுர மின்விளக்குகளில் பல, தரையை நோக்கிக் குனியாமல் கடலையும் வானத்தையும் நோக்கி ஒளியைச் சிதறடிக்கின்றன. மேல்நோக்கிச் செல்லும் ஒளி யாருக்கும் வழி காட்டுவதில்லை. அதற்கும் சேர்த்தே மின்கட்டணம் செலுத்துகிறோம். விளக்குக்கு மேல்மூடி இடுவது, நீலம் கலந்த வெள்ளொளிக்கு மாறாக மஞ்சள் சாயலுள்ள ஒளியைப் பயன்படுத்துவது, ஆள் நடமாட்டம் ஓய்ந்த பின் ஒளியைக் குறைப்பது ஆகிய மூன்றும் பெருஞ்செலவு பிடிக்காதவை. கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சுகள், கடலின் மினுமினுப்பை நம்பியே கடலுக்கு வழி காண்கின்றன. கரை விளக்குகள் அவற்றைத் திசைதிருப்புகின்றன. ஆகவே, இது விண்மீன்களை மட்டும் காக்கும் செயலன்று.

லடாக்கின் ஹான்லே பகுதி 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சிற்றூர் மக்கள் விளக்குகளுக்கு மூடியிட்டு, வானம் பார்க்க வருவோருக்கு வழிகாட்டிகளாகவும் இருக்கிறார்கள். தமிழகத்தில் கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்க அரசு அறிவித்துள்ளது. மலைக்கு அளிக்கும் இக்கவனத்தைக் கடலுக்கும் அளிக்கலாம். மன்னார் வளைகுடாவின் தீவுகளும் பவளப்பாறைகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றின் மேலுள்ள வானமும் அந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகக் கருதப்பட வேண்டும்.

இன்று படகுகளில் செயற்கைக்கோள் வழி இருப்பிடம் காட்டும் கருவி இருக்கிறது. அது எத்தனையோ உயிர்களைக் காத்துள்ளது. விண்மீனை நம்பிச் சென்ற காலம் மேலானது என்று பழம்பெருமை பேசுவதில் பயனில்லை. புயலின்போது எந்த விண்மீனும் தெரியாது என்பதை மீனவர்களைவிட நன்கறிந்தவர் யாருமில்லை. ஆனால், கருவி வந்ததும் அறிவு வேண்டாததாகிவிடும் என்பதும் சரியன்று. எந்த மீன் எழுந்தால் விடியலுக்கு எவ்வளவு நேரம், எந்த மீன் மாலையில் மறைந்தால் காற்று எந்தத் திசைக்கு மாறும் என்று கரைதோறும் வாய்மொழியாக வழங்கிய கணக்குகள் பெரும்பாலும் ஏட்டில் ஏறாதவை. கார்த்திகையை ஆறாமீன் என்று சொல்லும் முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க எஞ்சியுள்ள ஆண்டுகள் அதிகமில்லை.

இதே தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று புதிய ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளைந்து செல்லாமல் தெற்கு நோக்கி நேராக ஏவலாம் என்பதே அவ்விடத்தின் சிறப்பு. திருவிதமாய் அமைந்த தென்திசைக் கடல், முன்பு மாலுமிக்கு வழி காட்டியது. நாளை செயற்கைக்கோளுக்கு வழி விடப்போகிறது. அந்த ஏவுதளத்தில் பணிபுரியப்போகும் இக்கரையின் பிள்ளைகளுக்கு வானத்தோடு முதல் அறிமுகம் பாடப்புத்தகத்தில் நிகழ்வதைவிட, மணலில் படுத்தபடி நிகழ்வது நல்லது.

ஆகவே, செய்ய வேண்டியது மிக எளியது. ஊர் நிர்வாகமும் பள்ளி ஆசிரியர்களும் அறிவியல் இயக்கத்தினரும் சேர்ந்து, தடைக்காலத்தின் அமாவாசை வாரத்தில் ஒரேயோர் இரவு, 9 மணி முதல் 10 மணி வரை கரையின் பெருவிளக்குகளை அணைத்துவைக்கலாம். பிள்ளைகள் தங்கள் பாட்டனாரோடு வரட்டும். ஆசிரியர் சொல்லும் பெயரும், முதியவர் சொல்லும் பெயரும் ஒரே விண்மீனில் சந்திக்கட்டும். இரண்டையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். ஆண்டுதோறும் தடைக்காலம் வரும். ஆண்டுதோறும் அதில் அமாவாசையும் வரும்.

கடலுக்கு 61 நாள் ஓய்வு கொடுத்தால் மீன் பெருகும் என்று நம்பி, வருவாய் இழந்தும் படகுகளைக் கரையில் நிறுத்தக் கற்றுக்கொண்ட சமூகம் நம்முடையது. வானத்துக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுப்பது அதைவிடக் கடினமாக இருக்க முடியாது. இந்த வாரம் இரவு 9 மணிக்கு, உங்கள் ஊரின் இருண்ட ஒரு மூலையில் நின்று தெற்கே பாருங்கள். சிலுவை நேராக நின்றுகொண்டிருக்கும்.